கையால் மட்டும் திருகிய நட்டு

என் மருமகன் கோதண்டராமனுக்குச் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மெக்கானிக் கடை. இருபத்திரண்டு வருஷமாகிறது. வல்லத்துப் பக்கம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிட்ட குடும்பம் அவருடையது. மோட்டார் கொட்டகையில் ஓடுகிற ஆயில் இஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தகப்பனிடம் அடி வாங்கியவர். கை வேகம் கிடையாது. "கோதண்டம் கடைல வண்டிய வுட்டா வண்டிக்கு வயசாவுது" என்று கேலி பேசுவார்கள். பேசுகிறவர்கள்தான் அடுத்த மாசமும் வந்து நிற்பார்கள். அவர் முடுக்கிக் கொடுத்த வண்டியிலிருந்து ஒருத்தரும் விழுந்ததில்லை. அந்தப் பேர் ஒன்றுதான் அவருடைய சொத்து.

அவருக்கு மதியச் சோறு கொண்டுபோவது நான்தான். சோறு கொண்டுபோகிறவள் நல்ல நேரமும் பார்ப்பேன். வேலை முடிந்த வண்டி ராகு காலத்தில் கடையை விட்டு வெளியே வரக் கூடாது, வரும்போது எலுமிச்சம்பழம் நசுக்கித்தான் வர வேண்டும். இதை அவர் நம்புகிறாரோ இல்லையோ, எனக்காகக் கேட்பார்.

வல்லத்துக் கனகராஜ் ஒரு பழைய பைக் வைத்திருந்தான். அவன் நைனா காலத்து வண்டி. டேங்க் மேல் மல்லாட்டை மூட்டையை ஏற்றி ஏற்றி, முன் சக்கரத்தைத் தாங்குகிற இரண்டு போர்க்கும் தளர்ந்து போயிருந்தன. பைப் துருப்பிடித்து, சீல் கிழிந்து, ஆயில் ஒழுகி பிரேக்கிலேயே இறங்கியது. பிரேக் பிடித்தால் வண்டி மூக்குக் குத்தும். ஐந்து நாள் உட்கார்ந்து மருமகன் அதைப் பிரித்தார். புதுசாகக் கனமான பைப், கெட்டியான ஸ்பிரிங், டிஸ்க் பிரேக்கோடு முன்பக்கத்தையே மாற்றிக் கட்டினார்.

அது அமாவாசை, வியாழக்கிழமை. கனகராஜ் தன் மகள் யுவஸ்ரீயோடு மேல்மலையனூர் கோயிலுக்குப் போக வண்டிக்காகக் காத்திருந்தான். பிள்ளைக்கு ஏழு வயசு. ஒன்றரைக்கு ராகு காலம். மணி ஒன்றேகால் ஆகிவிட்டது.

"மாப்ள, நேரமாவுது" என்றேன்.

"இதோ அத்தை."

புது போர்க் மாட்டினால் ஒரு முறை உண்டு. சக்கரத்து அச்சில் நட்டைக் கையால் மட்டும் திருகிவிட்டு, வண்டியைத் தரையில் நிறுத்தி முன்பக்கத்தை நாலு தடவை அமுக்கி எழுப்ப வேண்டும். அப்போதுதான் போர்க்கின் இரண்டு காலும் தன்னிடத்தில் உட்காரும். அதற்குப் பிறகுதான் ஸ்பேனர் போட்டு இறுக்க வேண்டும். என் நச்சரிப்புக்காக அவர் ஒரு வழி வைத்திருந்தார். நல்ல நேரத்துக்குள் வண்டியை வெளியே உருட்டி, பழத்தை நசுக்கி, அங்கேயே அமுக்கி, அங்கேயே இறுக்குவார். எப்போதும் ஸ்பேனர் அவர் இடுப்பில் இருக்கும். அன்றைக்கு அவசரத்தில் உள்ளேயே வைத்துவிட்டார்.

வண்டி வெளியே வந்தது. பழம் நசுங்கியது. நாலு தடவை அமுக்கினார். "பத்தொம்போது நம்பர் ஸ்பேனர எடுத்தாறேன்" என்று உள்ளே போனார்.

கனகராஜ் என்னைப் பார்த்தான். "இன்னா ஆயா, கெளம்பலாமா?"

"பழம் நசுக்கின வண்டி நிக்கக் கூடாது. கெளம்பு, கெளம்பு" என்றேன்.

அவர் ஸ்பேனரோடு வெளியே வந்தபோது நசுங்கின பழம்தான் கிடந்தது.

"வண்டி எங்க அத்தை?"

"போயிட்டான். நல்ல நேரத்துலயே போயிட்டான்."

அவர் ரோட்டை எட்டிப் பார்த்தார். "நட்டு முடுக்கல" என்றார். அவ்வளவுதான். பக்கத்து ஜெராக்ஸ் கடை அமலாவின் ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்.

எனக்குப் போனில் பேர் படிக்க வராது. அமலாதான் கனகராஜுக்குப் போட்டுக் கொடுத்தாள். அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி போட்டோம்.

"ஏன்டி எடுக்க மாட்டேன்றான்?"

"வண்டி ஓட்டும்போது போன் எடுத்தா அந்த வண்டியத் தொட மாட்டேன்னு உங்க மருமவன்தான ஆயா அவனத் திட்டினு இருந்தாரு?"

பதினோரு தடவை போட்டோம். சாமியைக் கூப்பிடவும் எனக்கு வாய் வரவில்லை.

ரோட்டில் நடந்ததை அவர் பிறகு சொன்னார். ஸ்பெஷல் பஸ் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்ததாம். வளத்தி ஊருக்கு முன்னால் கனகராஜின் முதுகு தெரிந்தது. பின்னால் பிள்ளை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முன் சக்கரம் இடமும் வலமுமாக ஆடியது. ஆரன் அடிக்கக் கை போயிற்று, எடுத்துவிட்டார். திடுக்கிட்டுப் புது பிரேக்கை இறுகப் பிடித்தான் என்றால் சக்கரம் கழன்றுகொள்ளும். முன்னால் ஒரு பஸ் வேறு நிற்கப் பார்க்கிறது. பக்கத்தில் ஒட்டிப்போய், குரலைத் தணித்து, சோறு சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி பேசினாராம்.

"கனகராஜி, என்னப் பாக்காத. ரோட்டப் பாரு. ஆக்சிலேட்டர வுடு."

"இன்னாண்ணே, நீ எங்க இங்க?"

"வுட்றா மொதல்ல. முன் பிரேக்கத் தொடாத. கால் பிரேக்க மட்டும் மெதுவா அமுக்கு. ம்... மெதுவா."

"நைனா, வண்டி ஆடுது" என்றாளாம் பிள்ளை.

பஸ்ஸின் பின்பக்கத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது வண்டி நின்றது. இவர் குனிந்து பார்த்தார். நட்டு இல்லை. அச்சுக் கம்பி விரல் அளவு வெளியே வந்திருந்தது. பிள்ளையைத் தூக்கி ஓரத்தில் இறக்கினாராம். கனகராஜும் குனிந்து பார்த்தான்.

"முன்னாடி கொஞ்சம் ஆடுச்சிண்ணே. புது போர்க் அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

"புதுசு ஆடாதுடா."

வளத்தியில் ஒரு கடையில் நட்டு வாங்கி வந்து மாட்டினார். இறுக்கினார், பிடித்து இழுத்துப் பார்த்தார், மறுபடி இறுக்கினார். அப்புறமும் அவர்களை அதில் ஏற்றவில்லை. தகப்பனும் மகளும் ஸ்கூட்டரில் போக, கோயில் வரை அந்த வண்டியை அவரே ஓட்டினார். ஆளில்லாத இடத்தில் மூன்று தடவை முன் பிரேக்கை ஓங்கிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.

அங்கிருந்து போன் வந்தது. "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க அத்தை."

நேரம் பார்த்தது தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் கிளம்பச் சொன்னது என் வாய்.

"மாப்ள, அவன் தானா போவல. நான்தான் போவச் சொன்னேன்."



"நட்ட முடுக்காம வண்டிய வுட்டு நவுந்தது நான் அத்தை. யாரு கேட்டாலும் அப்பிடியே சொல்லிடுங்க."

அன்று சாயங்காலம் பஜாரில் நாலு பேர் கேட்டார்கள். அவர் நட்டு முடுக்காததையும் நான் கிளம்பச் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன்.