தோளில் இடமுண்டு, மாடியில் இல்லை

சனிக்கிழமை காலை. ஹவுராவுக்கு ரயில் இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தது. நான் ஏறிய ரயில் சரியான நேரத்துக்குப் போயிருந்தால்தான் எனக்குக் கவலை வந்திருக்கும். வெளியே மஞ்சள் டாக்ஸிக்காரர் பாலிகஞ்ச் போக நானூறு கேட்டார். பத்து கிலோமீட்டர்தானே என்று, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேரம் பேசி முந்நூற்றைம்பதுக்கு இறக்கினேன்.

"மதராஸியா?"

"திருச்சி."

"அதுதான், மதராஸ்" என்றார், என் ஊரை எனக்கே விளக்கும் பொறுமையோடு.

பாலிகஞ்சில் அக்கா வீடு. அத்தான் குடும்பம் மூன்று தலைமுறையாக கல்கத்தாவாசிகள். அத்தான் வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். என் வருகைக்குக் காரணம் அக்கா பையன் கார்த்திக். தமிழைவிட வங்காளி நன்றாகப் பேசுவான், அதைவிட நன்றாகப் பந்து உதைப்பான். ஞாயிறன்று அவனுடைய கல்லூரி அணிக்கு இறுதி ஆட்டம்.

மதியம் சாம்பாரோடு அத்தான் குடும்ப வரலாற்றையும் பரிமாறினார். அவருடைய தாத்தா குமாஸ்தா வேலைக்கு வந்தபோது காளிகாட் முழுக்க அறை தேடி அலைந்தாராம். புளி நாற்றம், மதராஸி, கறுப்பன் என்று கதவைச் சாத்தினார்களாம். கடைசியில் ஒரு தமிழ் மளிகைக்கடையின் அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுத்தாராம். "மனுஷனா இவனுங்க?" என்று அத்தான் இலையைத் தட்டினார். நானும் தட்டினேன். ரசம் சட்டையில் தெறித்தது.

ஞாயிறு காலை. இந்த ஊரில் பிள்ளைகள் பரீட்சைக்குக் கிளம்பினால் வீட்டுப் பெண்கள் நெற்றியில் தயிர்ப் பொட்டு வைப்பார்கள். கார்த்திக்கின் அணிக்கு அது இறுதி ஆட்டத்துக்கும் உண்டு. இந்த முறை அக்கா வீடு. பையன்கள் வரிசையில் நின்றார்கள். நான்காவதாக நின்றவன் கோஃபி. கானாவிலிருந்து படிக்க வந்தவன், அந்தக் கல்லூரி அணியில் இடம் பிடித்த முதல் ஆப்பிரிக்கப் பையன். அக்கா எக்கி நின்று வைத்த பொட்டு அவன் நெற்றியில் பளிச்சென்று இருந்தது. எனக்கும் ஒன்று வைத்தாள்; என் கறுப்பு நெற்றியிலும் கிட்டத்தட்ட அதே அளவு பளிச். "மாமாவும் கானாவா?" என்று கோஃபி கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அத்தான்தான் எல்லோரையும்விடச் சத்தமாக.

அவன் போனபின் கார்த்திக் சொன்னான்: "மாமா, அவன் வீட்டுக்காரர் இந்த மாசத்தோட ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டார். பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு அவனைப் பார்த்தா பயமாம். ஏழெட்டு இடம் பார்த்தாச்சு. ஃபோன்ல சரின்னு சொல்றாங்க. நேர்ல பார்த்ததும், நேத்துதான் வேற ஆளுக்குக் கொடுத்தோம்னு சொல்றாங்க. இடம் கிடைக்கலைன்னா படிப்பை விட்டுட்டு ஊருக்குத்தான் போகணும்."

அத்தான் வீட்டு மொட்டை மாடி அறையின் 'வாடகைக்கு' பலகை மழையில் வெளுத்துக்கொண்டிருந்தது. கார்த்திக் அதைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

பிற்பகல், மைதானம். கோஃபியின் காலுக்குப் பந்து போன ஒவ்வொரு தடவையும் எதிர் அணிக் கும்பலிலிருந்து குரங்குச் சத்தம் வந்தது. படித்த பிள்ளைகள், இஸ்திரி போட்ட சட்டைகள். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து நின்று திருச்சித் தமிழில் தெரிந்ததையெல்லாம் திட்டினேன். பக்கத்திலிருந்த வங்காளிப் பெரியவர் நான் அணியை உற்சாகப்படுத்துவதாக நினைத்து, "தொண்டை போயிடும் தாதா" என்று என்னை அண்ணனாக்கி இந்தியில் சொல்லித் தன் காரப்பொரிப் பொட்டலத்தை நீட்டினார். என் அறச்சீற்றம் பொரியோடு முடிந்தது.

ஆனால் சகிக்க முடியாதது பிறகுதான் நடந்தது. கோஃபி ஒரு கோலைத் தவறவிட்டான். அதே சத்தம் நம் பக்கத்திலிருந்தே வந்தது! கடைசி நிமிடங்களில் அவனே வெற்றி கோலை அடித்ததும், அதே வாய்கள் அவன் பெயரைக் கூவின. அதே ஆட்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். குரங்கு கோல் போட்டால் தெய்வமாகிவிடுமா? என்ன ஜன்மங்கள் இவர்கள்? அத்தான் கோஃபியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்தார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏற்றி, கீழே வங்காளியில் 'நம்ம பிள்ளை' என்று எழுதினார்.

மாலையில் அணி முழுக்க அக்கா வீட்டில் பொங்கல் வடை சாப்பிட்டது. கார்த்திக் எல்லோர் முன்னாலும் கேட்டான்.

"அப்பா, மாடி ரூமை கோஃபிக்குக் கொடுக்கலாமா?"

அத்தான் கையில் வடை அப்படியே நின்றது. "அது வேற விஷயம்டா. நாம சைவம்."

"அவன் ரூம்ல சமைக்க மாட்டான்பா. காலேஜ் கேன்டீன்லதான் சாப்பாடு."

"தெருவுல நாலு பேர் பேசுவாங்க."

நான் வாயைத் திறந்தேன். "அத்தான், நேத்து உங்க தாத்தா கதை சொன்னீங்களே. அந்தக் கதவைச் சாத்தினவனையும் தெருவுல நாலு பேர் பேசுவாங்கன்னுதானே பயமுறுத்தியிருப்பாங்க?"

"மாப்ளே, நாளைக்கு நீ ரயிலேறிடுவ. இங்க இருக்கப்போறது நான்."

அக்கா கரண்டியைப் பாத்திரத்தில் போட்ட சத்தம் ஹால் வரை கேட்டது. "உங்க தாத்தா கேட்டிருந்தா தலை குனிஞ்சிருப்பார்" என்றாள். அத்தான் வடையைத் தட்டில் வைத்தார்.

கோஃபி எழுந்தான். தமிழ் தெரியாவிட்டாலும் தன் பெயரும் 'ரூம்' என்ற வார்த்தையும் எங்கள் முகங்களும் அவனுக்குப் போதுமாயிருந்தன. அழகான வங்காளியில் மெதுவாக ஏதோ சொன்னான். முகம் சிவந்து கார்த்திக் அதை எனக்குத் தமிழில் சொன்னான்: "'அங்கிள், அந்த ஸ்டேட்டஸை எடுத்துடுங்க'ன்னு அப்பாகிட்ட சொல்றான். 'நம்ம பிள்ளைன்னு போட்டிருக்கீங்க. உங்க பிள்ளை ராத்திரி எங்க தூங்குவான்னு யாராவது கேட்டா உங்களுக்குத்தான் சங்கடம்'ங்கிறான்."

அத்தான் ஃபோனை எடுத்தார். கண்ணாடியைத் தேடுவதுபோல வெகுநேரம் தேடினார். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

திங்கள் காலை. கோல்கீப்பரின் அப்பா ஹவுராவில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பட்டறைக்கு மேலே ஓர் அறை. இரவு ஃபோனில் கேட்டதும், "சத்தம் பரவாயில்லைன்னா நாளைக்கே வரச் சொல்லு" என்றாராம். ஒரு நிமிடத்தில் முடிந்துபோன காரியம். கல்லூரி தெற்குக் கோடியில், அறை ஆற்றுக்கு அக்கரையில். இனி அவன் தினமும் படகும் பஸ்ஸும் ஏற வேண்டும், பக்கத்தில் ஒரு மாடி காலியாகக் கிடக்க.

எனக்கும் ஹவுராவில்தான் ரயில். கார்த்திக், கோஃபி, நான், மூன்று பெட்டிகள். பாபுகாட்டில் படகு டிக்கெட் ஆளுக்கு ஆறு ரூபாய். நேற்று அவ்வளவு முழங்கிய நான் செய்த ஒரே உருப்படியான காரியம், கோஃபியின் புத்தகப் பெட்டியைத் தூக்கியதுதான். அதையும் படகில் ஏறும்போது என் காலிலேயே போட்டுக்கொண்டேன்.

நடு ஆற்றில் கோஃபி ஆங்கிலத்தில் கேட்டான்: "மாமா, உங்க ஊர்ல எனக்கு ரூம் கிடைக்குமா?"

கேலியாகக் கேட்கவில்லை. மேல்படிப்புக்குத் திருச்சி நல்ல ஊர் என்று யாரோ சொல்லியிருந்தார்களாம்.

கொஞ்சம் இரு என்றேன். எங்கள் தெருவை மனசுக்குள் முதலிலிருந்து நடக்க ஆரம்பித்தேன். வாத்தியார் வீட்டில் சைவம் மட்டும் என்று பலகை உண்டு. டாக்டர் வீட்டில் குடும்பத்துக்கு மட்டும். அடுத்த வீட்டுக்காரர் பெயரைக் கேட்டுவிட்டு, ஊரைக் கேட்டுவிட்டு, கடைசியில் சாதியைக் கேட்பார். என் வீட்டு வாசலில் கொஞ்சம் நின்றேன். மாடி போர்ஷனுக்கு நானே எழுதி மாட்டிய அதே மாதிரிப் பலகையைப் படித்தேன். படிக்காததுபோல எதிர்வரிசைக்குப் போனேன்.

படகு ஹவுராத் துறையில் இடித்து நின்றது. தெருவில் இன்னும் பாதி பாக்கியிருந்தது.

"மாமா?" என்றான் கோஃபி.

அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு நான் முதலில் இறங்கினேன்.