மூன்றாக வெட்டிய புத்தகம்

அண்ணா சவர பிளேடால் அந்தப் புத்தகத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது அம்மா சமையலறையிலிருந்து ஓடிவந்தார்.

“சரஸ்வதியையோடா வெட்டுறாய்?”

“சரஸ்வதி மூண்டு வீட்டுக்குப் போகவேணும் அம்மா. முழுசா இருந்தா ஒரு வீட்டிலதான் இருப்பா.”

அவர் வெட்டி முடியும்வரை அம்மா அங்கேயே நின்றார். அப்போது எனக்குப் பத்து வயது. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். சண்டை வடக்கில் நடந்தது. அதற்கான இராணுவச் சோதனைகள் எங்கள் ஒழுங்கையில் நடந்தன. ஜீப் ஒன்று திரும்பும் சத்தம் கேட்டால் அம்மா திரைச்சீலையின் ஓரத்தை விலக்கிப் பார்ப்பார். அது போய்விட்டது என்று தெரிந்த பிறகும் இன்னொரு முறை பார்ப்பார்.

புத்தகம் லண்டனில் இருந்த மாமா அனுப்பியது. செங்கல் பருமன். கொம்பியூட்டருக்கு நிரல் எழுதும் கைவேலையைச் சொல்லித்தருவது. எழுதியது ஓடாமல் நின்றால் என்ன செய்வது, பிழையை எங்கே தேடுவது, நாளைக்கு இன்னொருவர் எடுத்து வாசித்தாலும் விளங்கும்படி எப்படி எழுதுவது என்றெல்லாம் அதில் இருந்தது. இந்தத் துறையில் இதைப் படிக்காதவன் படிக்காதவன்தான் என்பார் அண்ணா. அண்ணாவிடம் புத்தகம் இருந்தது; கொம்பியூட்டர் இல்லை. நாட்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதி, தானே கொம்பியூட்டராகி, ஒவ்வொரு வரியாக விரலை வைத்து ஓட்டிப் பார்ப்பார்.

அவரோடு இன்னும் இருவர் படித்தார்கள். ஒருவர் கல்கிசையிலிருந்தும் மற்றவர் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வருவார்கள். நான் அவர்களை ஊர்ப்பெயரை வைத்தே கல்கிசை அண்ணா, கொட்டாஞ்சேனை அண்ணா என்று அழைத்தேன். மூவரும் லண்டன் பரீட்சை ஒன்றுக்கு ஆயத்தமானார்கள். தேறினால் அங்கே கல்லூரியில் இடம். இடம் கிடைத்தால் விசா. அம்மாவுக்குக் கொம்பியூட்டரில் அக்கறை இல்லை. மகன் கொழும்பைவிட்டுப் போனால் போதும்.

போட்டோகொப்பிக் கடையில் சொன்ன விலையைக் கேட்டு, மூவரும் பக்கத்துக் கடையில் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினார்கள். அதன் பிறகுதான் பிளேடு வந்தது. ஆளுக்கு ஒரு பகுதி. இரண்டு ஞாயிறுக்கு ஒருமுறை எங்கள் வீட்டில் மாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று.

புத்தகம் துண்டானது எனக்கு நிம்மதி தரவில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தாலே உறுத்தும் பிள்ளை நான். திரும்பிவரும் பகுதிகளின் பக்கங்களைச் சரிபார்க்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

“இந்தாங்கோ, கஸ்டம்ஸ் ஒபிசர்,” என்று முதல் மாற்றத்தின்போது கொட்டாஞ்சேனை அண்ணா தன் பகுதியை இரண்டு கையாலும் நீட்டினார். அவர் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கந்தோரில் கிளார்க். “சாமானைச் செக் பண்ணுங்கோ.”

“ஒரு மூலை மடிஞ்சிருக்கு.”

“ஐயோ மேடம், அது காத்து செய்த வேலை. ஃபைன் எவ்வளவு?”

அன்று என் கூட்டல் கணக்கு ஒன்று பிழைத்திருந்தது. இருபது வரிக் கணக்கு. முதலிலிருந்து மறுபடி கூட்டத் தொடங்கிய என்னை அவர் நிறுத்தினார்.

“நடுவில கையை வை. அதுவரைக்கும் சரியோ? சரியெண்டா மேல் பாதியை மறந்திடு. பிழை கீழதான். இனிக் கீழ் பாதிக்கு நடுவில கையை வை. புத்தகத்தில இருக்கிற வித்தை இது. உன்ர அண்ணாவுக்கு இன்னும் அந்தப் பகுதி வரேல்லை, சொல்லிப்போடாதை.”

இரண்டாம் பகுதியை வாங்கிக்கொண்டு போனார். அந்த வாரம் வியாழக்கிழமை கந்தோரிலிருந்து புறப்பட்டவர் வீடு போய்ச் சேரவில்லை.

அதன் பிறகு அண்ணாவால் ஒரு கதிரையில் ஐந்து நிமிடம் இருக்க முடியவில்லை. இருந்தார், எழுந்தார், பல்கனிக்குப் போனார், வந்து புத்தகத்தைத் திறந்தார், மூடினார். அடுத்த நாள் காலையில் அடையாள அட்டையையும் கொழும்பில் தங்கும் தமிழர் வைத்திருக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். அம்மா வழியை மறித்தார்.

“நீ போய்க் கேட்டா உன்னையும் பிடிச்சு இருத்துவாங்கள். பரீட்சை முடியட்டும், தம்பி.”

“அதுவரைக்கும் அவன் எங்க இருப்பான், அம்மா?”

போனார். மாலையில் வந்தார். மறுநாளும் போனார். இரவுச் சாப்பாட்டின்போது, உதவக்கூடிய ஒரே ஆள் நான்தான் என்று எனக்குத் தோன்றியது.

“அண்ணா, நடுவில கையை வைச்சுப் பாத்தீங்களோ?”

“என்ன?”

“கந்தோருக்கும் வீட்டுக்கும் நடுவில. பஸ் ஏறினவரோ?”

அண்ணா என்னைப் பார்த்தார். “ஏறினவன்.”

“பாதி வழியில இருந்தவரோ?”

“பாதி வழியில செக்பொயின்ற். அதில பஸ்ஸால இறக்கினதை ஒரு ஆள் கண்டிருக்கு.”

“அப்ப லேசு. பிழை அங்கதான்.”

“ஓம்,” என்றார் அண்ணா. “அங்கதான்.” பிட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனார். பிழையின் இடம் தெரிந்த பிறகும் அவர் ஏன் அப்படி நடக்கிறார் என்று நான் யோசித்தேன். அந்த இடத்தில் காவல் நின்ற சிப்பாய்கள், அப்படி ஒருவரை இறக்கவே இல்லை என்று அவரிடம் சொல்லியிருந்தார்கள். அது எனக்கு யாரும் சொல்லாத விடயம்.

மாற்றும் ஞாயிறு வந்தது. கல்கிசை அண்ணா வந்தார். அவர் கொண்டுவந்த பகுதியை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அப்போது கதவில் தட்டினார் கொட்டாஞ்சேனை அண்ணாவின் அம்மா. தேவாலயத்தில் பூசை முடித்து, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். தலையில் போட்ட லேஸ் துணியை இன்னும் எடுக்கவில்லை. கையில் பிரவுண் தாளில் சுற்றிய இரண்டாம் பகுதி.

“இண்டைக்கு மாத்துற நாளெல்லோ, தம்பி,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, “கஸ்டம்ஸ் ஒபிசர் நீங்கள்தானே? எண்ணிப் பாருங்கோ, மகள்.”

எண்ணினேன். சரியாக இருந்தது.

“அவன்ர அடுத்த பகுதியைத் தாங்கோ. வந்தவுடனே கேப்பான்.”

அண்ணா மூன்றாம் பகுதியை எடுத்துக் கொடுத்தார். இங்கே இருவர் பரீட்சைக்குத் தவித்துக்கொண்டிருக்க, வாசிக்க ஆளில்லாத வீட்டுக்கு ஒரு பகுதி போவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அம்மா தேநீர் கொடுத்தார். கொட்டாஞ்சேனை அன்ரி ஒரு மிடறு குடித்துவிட்டு, இருட்டுவதற்கு முன் போகவேண்டும் என்று எழுந்தார்.

அடுத்த மாற்றத்துக்கும் வந்தார். இம்முறை முகம் சிறுத்திருந்தது. மூன்றாம் பகுதியை எண்ணும்போது கடைசிப் பக்கத்துக்கு முன்னால் அந்தோனியார் படம் ஒன்று இருந்தது.

“அன்ரி, நீங்களோ வாசிக்கிறது?”

“எனக்கு இங்கிலீசு எங்க, மகள்? ஒவ்வொரு நாளும் விளக்கு வைச்சிட்டுப் படத்தைக் கொஞ்சப் பக்கம் தள்ளி வைக்கிறன். அவன் வரேக்க பிந்திப்போகக் கூடாதெல்லோ.”

அது கள்ளவேலை என்று எனக்குத் தெரியும். வாசிக்காமல் பக்கம் தள்ளினால் வகுப்பில் எழுப்பி நிறுத்துவார்கள். பெரியவர் என்பதால் சொல்லவில்லை.

“இனி எந்தப் பகுதி, தம்பி?”

“இனி இல்லை அன்ரி,” என்று நான் முந்திக்கொண்டேன். “மூண்டும் எடுத்திட்டார். முடிஞ்சுது.”

அம்மாவின் கை என் தோளில் விழுந்தது. அன்ரி கைப்பையின் வாரைப் பிடித்தபடி நின்றார்.

“அவளுக்குத் தெரியாது, அன்ரி,” என்றார் அண்ணா. “இதை ரெண்டு தரம் வாசிக்கவேணும். முதல் தரம் சும்மா மேலோட்டம்தான்.” மேசையில் தான் படித்துக்கொண்டிருந்த முதற் பகுதியை எடுத்தார். பரீட்சைக்கு இன்னும் ஒரு வாரந்தான் இருந்தது. தன் குறிப்புத் தாள்களை உருவிவிட்டு, அந்தோனியார் படத்தை முதல் பக்கத்தில் வைத்து, பிரவுண் தாளில் சுற்றிக் கொடுத்தார். அன்ரி அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிறங்கினார். கல்கிசை அண்ணா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அவரோடு அவருடைய மச்சான் ஒருவரும் வந்திருந்தார். அவரும் அடுத்த தவணையில் அதே பரீட்சை எழுத விரும்பினார். அன்ரியின் பஸ் போனபிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“நானும் உங்களோட சேரலாமோ? ஒரு பகுதியை எனக்கும் தந்தால்…”

“இடம் இல்லை,” என்றார் அண்ணா.

எனக்குத் தாங்கவில்லை. எத்தனையோ நாளாகக் குழம்பிக் கிடந்த ஒழுங்கு, இந்த ஒருவர் வந்தால் சரியாகிவிடும். மூன்று பகுதி, இரண்டு பேர். விரல்விட்டுக் காட்டிச் சொன்னேன்.

“இருக்கு அண்ணா. ஒரு இடம் இருக்கு.”

அண்ணா மேசையில் கிடந்த தன் குறிப்புத் தாள்களை அடுக்கத் தொடங்கினார். அவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை என்று நினைத்து, நான் மறுபடியும் முதலிலிருந்து எண்ணிக் காட்டத் தொடங்கினேன்.