மூர்த்தி மாஸ்ரர் போடாத தோப்புக்கரணம்

நியூசிலாந்தின் ஒக்லாந்தில் எங்கள் ஆட்களுக்கு ஓர் அலுவல் ஆக வேண்டும் என்றால் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "அங்கை எங்கட ஆள் ஆரும் இருக்கினமோ?" வங்கியோ, ஆஸ்பத்திரியோ, விசா அலுவலோ, உள்ளே எங்கட ஆள் ஒருவர் இருந்தால் அரைவாசி முடிந்த மாதிரி. மிச்ச அரைவாசியைப் பலகாரத் தட்டு பார்த்துக்கொள்ளும். இந்த "எங்கட ஆள்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. ஏரம்பமூர்த்தி மாஸ்ரருக்கு நடந்ததைச் சொன்னால் உங்களுக்கும் வரும்.

மாஸ்ரரும் மனைவி பத்மாவதியும் ஏவன்டேலில் எங்களுக்கு அடுத்த வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். மாஸ்ரர் யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவர். நைஜீரியாவுக்கு வாத்திமார் வேண்டும் என்று எழுபதுகளின் கடைசியில் எங்கள் ஆட்களைக் கூட்டங்கூட்டமாக எடுத்தார்களே, அந்தக் கூட்டத்தில் இவர்களும் போனார்கள். எண்பத்தாறில் இங்கே வந்து சேர்ந்தார்கள். இங்கே அவரை ஒரு பள்ளிக்கூடமும் எடுக்கவில்லை. ஹென்டர்சனில் ஒரு பெற்றோல் செட்டில் பம்படியில் நின்று கார்களுக்குப் பெற்றோல் அடித்தார். "எண்ணெய் நாட்டிலயிருந்து வந்த மனுசன், எண்ணெயை விட மனமில்லைப் போல" என்று எங்கள் ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அதில் என்ன சிரிப்பு இருக்கிறதென்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

மாஸ்ரருக்கு மூக்குநுனியில் கோபம். அதுவும் நைஜீரியாவைப் பற்றி ஆராவது இளக்காரமாகக் கதைத்தால் தாங்க மாட்டார். ஒருநாள் எங்கள் சங்கத் தலைவர் ஜெயரட்ணம், "காப்பிலி நாடுதானே, அவங்களுக்கு ஆளத் தெரியாது" என்று விட்டார். தான் என்னவோ பாலில் விழுந்து எழும்பின நிறம் என்ற நினைப்பு.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்றார் மாஸ்ரர். "வெறுங்காலோட நடந்து வந்த பிள்ளையள் என்னட்டைக் கேட்ட கேள்வியளை யாழ்ப்பாணத்தில ஒருத்தரும் கேட்கேல்லை. எண்ணெய் வந்ததுதான் அந்தச் சனத்துக்குப் பிடிச்ச சனியன். காசு நிலத்துக்குள்ளயிருந்து வருகுதெண்டால், மேல இருக்கிறவனுக்குச் சனம் எதுக்கு? எண்ணெய் விலை விழுந்த உடனை வாத்திமாருக்குச் சம்பளம் இல்லை, ஆஸ்பத்திரியில மருந்தில்லை, றோட்டில கொள்ளைக்காரர். பொழுதுபட்டால் ஒருத்தரும் வெளியில போறேல்லை. பிறகு கள்ளரைப் பிடிக்கிறம் எண்டு ஆமிக்காரர் வந்தாங்கள். அவங்கள் கள்ளரின்ர கதிரையில ஏறி இருந்தாங்கள், அவ்வளவுதான். எங்கட நாட்டில எண்ணெயே இல்லை. இல்லாமலே எங்களுக்கு என்ன குறைச்சலாச் செய்தவங்கள்?"

ஜெயரட்ணம் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு மெல்ல நகர்ந்துவிட்டார். அவருக்கு மனுகாவில் தளபாடம் செய்கிற பட்டறை இருந்தது. பெரிய வீடு, புதுக் கார். கோயில் இல்லாத ஊர் என்பதால் வெள்ளிக்கிழமைப் பூசை அவருடைய வீட்டு ஹோலில்தான் நடக்கும். தேவாரம் பாடி, தீபம் காட்டி, பிள்ளையார் படத்துக்கு முன்னால் எல்லோரும் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடுவோம். மூர்த்தி மாஸ்ரர் மட்டும் போட மாட்டார். கையைக் கூப்பியபடி நிற்பார்.

"மாஸ்ரருக்கு முழங்கால் பிடிச்சுப் போச்சோ? இல்லை, நைஜீரியாவில கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிட்டியளோ?" என்று ஜெயரட்ணம் ஒவ்வொரு வெள்ளியும் கேட்பார். ஒவ்வொரு வெள்ளியும் எல்லோரும் சிரிப்பார்கள். மாஸ்ரரின் முகம் கறுத்துப்போகும். இதற்கு மட்டும் ஏன் இந்த மனுசன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று எனக்கு அதிசயமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை பத்மாக்கா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றபோது கேட்டேன். அவ கொடியைப் பார்த்தபடியே சொன்னா.

"அங்கை நாங்கள் இருந்த ஊரில எண்ணெய்க் குழாய் எங்கட வீட்டுக்குப் பின்னாலதான் போகுது, குணவதி. காஸ் எரியிற வெளிச்சத்தில வானம் எப்பவும் சிவப்பு. ஆனால் காருக்கு அடிக்கப் பெற்றோல் இல்லை. அரிசிக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை, பெற்றோலுக்கும் வரிசை. எண்பத்து நாலாம் ஆண்டு, சனத்துக்கு ஒழுங்கு படிப்பிக்கிறம் எண்டு ஆமிக்காரர் சவுக்கோட வரிசையளில நிண்ட காலம். எனக்கு வயித்துக்குத்துத் தொடங்கீற்றுது. ஆஸ்பத்திரி தூரம், கார் டாங்கில செட்டடிக்குப் போகத்தான் பெற்றோல் கிடந்தது. வரிசை றோட்டு முடியுமட்டும் நிண்டுது. இவர் முன்னுக்குப் போய்க் கும்பிட்டுக் கேட்டார். மனுசிக்குப் பிள்ளை பிறக்கப்போகுது, கொஞ்சம் தாங்கோ எண்டு. வரிசையைக் குழப்புறாய் எண்டு அவங்கள் இவரைக் காதைப் பிடிச்சுக் குந்தி எழும்பச் சொன்னாங்கள். தவளைப் பாய்ச்சல் எண்டு அங்கை பேர். இவர் படிப்பிச்ச பெடியள் வரிசையில நிண்டு பாத்தாங்கள். நான் காருக்குள்ள இருந்து பாத்தன். அந்த நேரம் ஒரு பெரிய மனுசன்ர கார் பக்கத்தால வந்து, ஹோர்ன் அடிச்சு, முழு டாங்கும் நிரப்பிக்கொண்டு போகுது. அவனை ஒருத்தரும் ஒண்டும் கேட்கேல்லை."

"பிள்ளை?" என்றேன்.

"காருக்குள்ளயே பிறந்தது. அழேல்லை."

அவ அடுத்த சட்டையை எடுத்து உதறிக் கொடியில் போட்டா. எண்ணெய் மிதக்கிற நாட்டில் ஒரு போத்தல் பெற்றோல் இல்லாமல் ஒரு பிள்ளை செத்திருக்கிறது. அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு நிற்கிற மனுசனைப் பார்த்து நாங்கள் வெள்ளிக்கு வெள்ளி முழங்கால் பகிடி விட்டிருக்கிறோம்.

அடுத்த ஆண்டு ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய ஆமியின் சண்டை தொடங்கியது. மாஸ்ரரின் தங்கை இராசமலர், புருசன் சோதிலிங்கத்தோடும் பிள்ளைகளோடும் வீட்டை விட்டு ஓடி ஒரு கோயிலுக்குள் அகதியாக இருந்தா. சோதிலிங்கம் நல்ல தச்சன். இங்கே ஆராவது வேலை தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் விசா கிடைக்கும், இல்லாவிட்டால் இல்லை. மாஸ்ரருக்குத் தெரிந்தவர்களில் வேலை கொடுக்கக்கூடியவர் ஜெயரட்ணம் ஒருவர்தான்.

மாஸ்ரர் போய்க் கேட்டார். "அதுக்கென்ன, எங்கட ஆளுக்குச் செய்யாமல் வேற ஆருக்குச் செய்யிறது?" என்றார் ஜெயரட்ணம். அன்றைக்கு மாஸ்ரர் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்ததை நான் கண்ணால் கண்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் பெற்றோல் லொறிச் சாரதிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். செட்டுகளில் இருப்பு முடிந்துகொண்டு வந்தது. ஹென்டர்சனில் கார் வரிசை ரயில் கடவை வரைக்கும் போனது. நானும் அதில் நின்றேன், முன்னாலிருந்து மூன்றாவதோ நாலாவதோ.

மாஸ்ரர் அன்றைக்கு ஒரு வேலை செய்தார். பம்பைத் திறக்கமுன் வரிசையின் கடைசிக் காருக்கு நடந்து போனார். அங்கிருந்து ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டிக்கொண்டு வந்தார். "ஆஸ்பத்திரிக்குப் போறவை ஆரும் இருக்கிறியளோ?" என்பதை இங்கிலீசில் கேட்டார். பின்வரிசையில் ஒரு சமோவா மனுசன், மனைவிக்கு வலி எடுத்திருக்கு என்றான். அந்தக் காரை மாஸ்ரர் தானே வழிவிலக்கி முன்னுக்குக் கொண்டுவந்து நிரப்பி அனுப்பினார். ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை. பிறகு வரிசைப்படி அடிக்கத் தொடங்கினார்.

அப்போது பக்கத்தால் ஒரு புதுக் கார் வந்து பம்படியில் நின்றது. ஹோர்ன் அடித்தது. ஜெயரட்ணம் கண்ணாடியை இறக்கினார்.

"மாஸ்ரர், கெதியா நிரப்பி விடுங்கோ. மனுகாவில கூட்டம். தலைவர் போகாமல் தொடங்கேலாது."

"வரிசையில வாங்கோ."

"என்ன மாஸ்ரர், நான் எங்கட ஆள் எல்லே?"

"வரிசையில வாங்கோ எண்டனான்."

ஜெயரட்ணம் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குச் சாகும்வரை மறக்காது. "மச்சானுக்கு வேலை கேட்டு வந்தனீங்கள் எல்லே? அதுக்கும் ஒரு வரிசை இருக்கு, மாஸ்ரர்."

மாஸ்ரர் பம்புக் குழாயை வரிசையில் அடுத்த காரின் டாங்கில் விட்டார். "நான் உங்களுக்கு இப்ப அடிக்க மாட்டன்" என்றார். ஜெயரட்ணம் டயர் கிறீச்சிடக் காரைத் திருப்பிக்கொண்டு போனார்.

அடுத்த நாளே செய்தி வந்துவிட்டது. பட்டறையில் இப்போதைக்கு வேலை இல்லையாம். எங்கள் ஆட்கள் என்ன சொன்னார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஜெயரட்ணத்தை ஒரு சொல் சொல்லவில்லை. "மாஸ்ரருக்குப் புத்தி இல்லை. ஒரு டாங்க் பெற்றோலுக்காகத் தங்கச்சியின்ர வாழ்க்கையைக் கெடுத்திட்டார்" என்றார்கள். பெற்றோலுக்காகவாம்! யாழ்ப்பாணத்தில் கோயிலுக்குப் பக்கத்தில் ஷெல் விழுந்ததாக ரேடியோ சொன்னது. மாஸ்ரர் சாப்பிடவில்லை. சுவருக்கு அப்பால் அவர் நடக்கிற சத்தம் ஓயாமல் கேட்டது.

வெள்ளிக்கிழமை இருவரும் பூசைக்கு வந்தார்கள். பத்மாக்கா சுண்டல் சட்டியோடு நேரே குசினிக்குள் போனா. தேவாரம் முடிந்தது. ஜெயரட்ணம் கற்பூரத் தட்டோடு திரும்பினார். எல்லோரும் காதில் கை வைத்தோம்.

மாஸ்ரரும் கை வைத்தார்.

ஆனால் அவர் பிள்ளையாரைப் பார்க்கவில்லை. ஜெயரட்ணத்துக்கு நேரே திரும்பி நின்றார். வலக் கையால் இடக் காது, இடக் கையால் வலக் காது. குந்தி எழும்பினார். "போதுமோ?" என்றார். திரும்பவும் குந்தி எழும்பினார். "இராசமலருக்காகப் போடுறன். போதுமோ, தலைவர்?"

பகிடி என்று நினைத்து ஆரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார். மாஸ்ரரின் முழங்கால் நெரிகிற சத்தம் ஹோல் முழுக்கக் கேட்டது. குந்தினார், எழும்பினார், குந்தினார். வியர்வை மூக்கால் வழிந்தது. ஜெயரட்ணம் தட்டை ஏந்தியபடியே நின்றார். தட்டில் கற்பூரம் எரிந்து முடிந்தது.

"போதுமோ" என்ற குரலைக் கேட்டுப் பத்மாக்கா குசினியிலிருந்து வெளியே வந்தா. பார்த்தா. சபையை விலக்கிக்கொண்டு போய்ப் புருசனின் கைகளைக் காதிலிருந்து பிடித்து இழுத்தா. "எழும்புங்கோ, வீட்டை போவம்" என்றா. பிறகு ஜெயரட்ணத்தைப் பார்த்தா, எங்கள் எல்லோரையும் பார்த்தா.

"அங்கையும் ஒருத்தரும் போதும் எண்டு சொல்லேல்லை" என்றா.

திங்கட்கிழமை ஜெயரட்ணம் சோதிலிங்கத்துக்கு வேலை தருவதாக எழுதிக் கொடுத்தார். வெட்கத்திலா, ஊர் வாய்க்குப் பயந்தா, அவருக்குத்தான் வெளிச்சம். சோதிலிங்கம் குடும்பம் அடுத்த வருடம் வந்து சேர்ந்தது. அதைத் தான் செய்த தர்மம் என்று ஜெயரட்ணம் மேடைக்கு மேடை சொல்கிறார். நாங்களும் கைதட்டுகிறோம், தூ.

மாஸ்ரர் அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை. இன்னும் ஹென்டர்சனில்தான் பெற்றோல் அடிக்கிறார். ஜெயரட்ணம் இப்போது வேறு ஒரு செட்டுக்குப் போகிறார். அங்கே எங்கட ஆள் ஒருவரும் இல்லை, அதனால் வரிசையில் நின்று அடிக்கிறார்.