மாமனார் கல்லின் பள்ளம்

போன வாரம் செம்பூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தவளிடம் போனைக் கொடுத்து, "அம்மா, நீ செஞ்ச வேலையப் பாரு" என்றாள். தாடி வைத்த ஒரு பையன் சவரக்கத்தி தீட்டுகிற கல்லில் பென்சிலால் கோடு கோடாகக் கிழித்து, அதைப் பொடி தூவிய கண்ணாடிமேல் கவிழ்த்துத் தேய்க்கிறான். பின்னால் வீணை ஒலிக்கிறது. கீழே ஆளாளுக்கு அவனைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். தேய்த்துவிட்டுப் போகட்டும், அவன்மேல் எனக்கென்ன கோபம்? எனக்கு வயிறு எரிந்தது என் வீட்டுக்காரரை நினைத்து. செத்துப்போனவரோடு ஏன் சண்டை என்று மகள் கேட்கிறாள். உயிரோடு இருந்தபோது முடியாத சண்டை, அதனால்தான்.

கண்ணாடிமேல் பொடியும் தண்ணீரும் குழையும்போது மழை நனைத்த தகரம்போல ஒரு வாடை வரும். போனில் வாடை வராது, எனக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் குர்லாவில் ஒரு பட்டறையில் முகம் பார்க்கும் கண்ணாடிகளுக்கு ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். தாராவிக்கு மருமகளாக வந்தபோது ஒரு தடித்த கண்ணாடித் துண்டும், டால்டா டப்பா நிறைய தேய்க்கிற பொடியும் கொண்டுவந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், விட்டுவிட்டு வர மனசில்லை. சீர்வரிசையில் அதை யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து சந்து முனையில் சலூன் வைத்திருந்தார்கள். அண்ணனை நான் அத்தான் என்பேன். அவர் என்னோடு நேராகப் பேச மாட்டார், தம்பி பெண்டாட்டி இல்லையா? நான் எதிரில் நிற்கும்போதே, "ஒம் பொண்டாட்டிட்டச் சொல்லி வையி" என்று தம்பியிடம் சொல்வார்.

சலூனுக்கு ஒரே கல். மாமனார் திருநெல்வேலியிலிருந்து வேட்டியில் முடிந்து கொண்டுவந்தது. அவர் தீட்டித் தீட்டி நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. ஆயுதபூஜைக்கு அந்தப் பள்ளத்தில்தான் சந்தனம் வைப்பார்கள், அப்பா கை போன இடமாம். கை போன இடமாக இருந்தால் என்ன, கால் போன இடமாக இருந்தால் என்ன? பள்ளக் கல்லில் கத்தியைப் போட்டால் இரண்டு முனையும் படும், நடு படாது. நடுவை வைத்துத்தானே கன்னத்தில் இழுக்க வேண்டும்! மயிர் சிரையாமல் பிடுங்கிக்கொண்டு வரும். வாடிக்கைக்காரர்கள் எதிர்க் கடைக்கு நகர ஆரம்பித்தார்கள். அத்தான் கத்தியைத் திட்டினார், சோப்பைத் திட்டினார், கல்லை மட்டும் கும்பிட்டார்.

ஒரு லீவு நாளில் என் வீட்டுக்காரர் கல்லைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார். "ஏட்டி, இத எப்படியாச்சும் சரி பண்ணு. அண்ணனுக்குத் தெரியக் கூடாது."

எல்லோரும் தண்ணீர் பிடித்து முடித்த பிறகு கண்ணாடியையும் பொடியையும் எடுத்துக்கொண்டு குழாயடியில் உட்கார்ந்தேன். கல் முழுக்கப் பென்சில் கோடு போட்டுத் தேய்த்தால், மேடு இருக்கிற இடத்தில் கோடு முதலில் அழியும், பள்ளத்தில் அப்படியே நிற்கும். கடைசிக் கோடு போகிறவரை தேய்க்க வேண்டும். கல்லைத் திருப்பித் திருப்பிப் பிடிக்காவிட்டால் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். முடிந்ததும் நன்றாகக் கழுவ வேண்டும், ஒரு துளி பொடி தங்கினாலும் கத்தி முனை கெட்டுவிடும். தோள்பட்டை விட்டுப்போயிற்று.

மறுநாள் மத்தியானம் சோறு கொண்டுபோனேன். பெண்பிள்ளைகள் உள்ளே போகிற வழக்கமில்லை, வாசலில் நின்றேன். அத்தான் கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். "அப்பா கை போன எடத்த யாருல அழிச்சது?"

என் வீட்டுக்காரர் கையில் நுரை வழிகிற பிரஷ். "அவதாண்ணே. எனக்குத் தெரியாது."

தெரியாதாம்! துண்டில் சுற்றிக் கொண்டுவந்த மனுஷன்.

அன்றோடு அத்தான் என் கைச் சோற்றை நிறுத்தினார். அந்தக் கல்லில் தீட்டுவதை நிறுத்தவில்லை. கத்தி வழுக்கிக்கொண்டு போனது. போனவர்கள் திரும்பி வந்தார்கள். கூட்டம் சேர்ந்து இன்னொரு கல் வேண்டியிருந்தபோது, அதையும் தாதருக்குப் போய் நான்தான் பொறுக்கினேன். மேலே தண்ணீரை விட்டு உடனே குடிக்கிற கல்லை ஒதுக்கினேன், நகத்தால் கீறி நரம்பு தட்டுகிறதா என்று பார்த்தேன், விரலால் சுண்டி விரிசல் சத்தம் கேட்கிறதா என்று கேட்டேன். கடைக்காரன் இந்தியில் அண்ணி என்று கூப்பிட்டு, "பாபி, மசாலா அரைக்கவா?" என்று சிரித்தான். அதையும் மட்டம் பார்த்துத் தேய்த்துக் கொடுத்தேன்.

மாதுங்காவிலிருந்து சவரத்துக்கென்றே வருகிற ஒருவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே, கல்லைச் சமம் பண்ணியது யார் என்று விசாரித்தார். அன்றைக்கும் நான் தூக்குச் சட்டியோடு வாசலில் நிற்கிறேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் சொன்னார்: "நாந்தான் சார்."

பழிக்கு நான், பேருக்கு அவர். நீங்களே சொல்லுங்கள், எந்தப் பெண்பிள்ளை பொறுப்பாள்?

கண்ணாடியையும் பொடியையும் கட்டிப் பரணில் போட்டேன். தீட்டத் தீட்டக் கல்லில் மறுபடி பள்ளம் விழத்தான் செய்யும், இனி நீங்களே தேயுங்கள் என்று சொல்லிவிட்டேன். தேய்த்தார். சிமெண்டுப் படியில் தேய்த்தார், வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளை வைத்துத் தேய்த்தார். ஓரம் கரைந்ததே தவிரப் பள்ளம் நிரவவில்லை. சந்தில் போகிற ஆம்பிளைகளின் கன்னத்தைப் பார்த்தே கத்தி எப்படிப் பிடுங்குகிறது என்று எனக்குத் தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்? அவர் வந்து கேட்பார், கேட்டால் இதைத்தான் சொல்வது என்று வைத்திருந்தேன்: "கடைக்கு வாரேன். அத்தான் முன்னால கேளுங்க. தேச்சுத் தாரேன்."

ஒருநாள் இரண்டு கல்லையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அடுப்படியில் வைத்தார். தொண்டையைச் செருமினார். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். சரி, நாளைக்குக் கேட்பார் என்று இருந்தேன்.

கத்தி கீறினால் ரத்தத்தின் வழியாக நோய் பரவும் என்று ஊரெல்லாம் பயந்துகொண்டிருந்த சமயம் அது. வாடிக்கைக்காரர்கள் நாற்காலியில் உட்காரும்போதே புது பிளேடா என்று கேட்டார்கள். இவர் கல்லை அடுப்படியில் வைத்த மறுநாளே அத்தான் பிளேடு மாட்டுகிற கத்தியும் பெட்டி பெட்டியாக பிளேடும் வாங்கி வந்துவிட்டார். ஆளுக்கொரு பிளேடு, வேலை முடிந்ததும் குப்பையில். அதன்பிறகு தீட்டுகிற கல்லுக்கு வேலையே இல்லை.

இப்போது சலூன் இல்லை, குழாயடி இல்லை, அந்தச் சந்தே கட்டடத்துக்கு அடியில் போய்விட்டது. அத்தானும் போய்விட்டார், இவரும் போய்விட்டார். அந்த பிளேடுப் பெட்டி இன்னும் ஒரு வாரம் கழித்து வந்திருந்தால், இவர் என்னிடம் கேட்டிருப்பார்.