கடலைக் கழித்த கணக்கு

போன மாதம் நான் வாங்கிய சின்னக் காரில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு குட்டித் திரை இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று அதுவே கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். முதல் வாரம் முடிந்தபோது பதினேழரை என்று காட்டியது. இந்த அளவுக் காருக்கு நல்ல எண்ணிக்கைதான். ஆனால் நான் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில் இறங்காமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் கார், இதைவிடச் சின்னது, இதைவிடப் பழைய காலத்து இன்ஜின், லிட்டருக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர் ஓடியது. அதை எழுத்தில் நிரூபித்தவள் நானேதான், பதின்மூன்று வயதில்.

அப்போது நாங்கள் பாகான் டாலாமில் இருந்தோம். தமிழ்ப் பள்ளியில் முதல் மாணவியாக வந்ததால், கடலுக்கு அந்தப் பக்கம் ஜார்ஜ் டவுனில் ஒரு பெரிய பெண்கள் பள்ளியில் எனக்கு இடம் கிடைத்திருந்தது. அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். எண்களோடு அவருக்குப் பழக்கம் உண்டு, எழுத்துகளோடு இல்லை. அம்மாவுக்கு அந்த மூன்றாம் வகுப்பும் வாய்க்கவில்லை. மலாயில் வந்த கடிதத்தை நானே வாசித்து, நானே மொழிபெயர்த்து, நானே முதலில் பெருமைப்பட்டும் கொண்டேன்.

போய்வருவதுதான் சிக்கல். பள்ளி வேன் கடல் தாண்டாது. மோட்டார் சைக்கிள் என்றால் மழை. என்னைத் தனியாக ஃபெர்ரியில் ஏற்றிவிட அம்மா ஒப்பவில்லை. யோசித்து யோசித்து அப்பா கார் வாங்குவது என்று முடிவு செய்தார். அதற்கு அம்மா ஒரு நிபந்தனை வைத்தார். அப்பாவுக்கு ஜுருவில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை; மோட்டார் சைக்கிளில் போய்வருவார், விடியற்காலை ஐந்து மணிக்கு முடியும். அதன்பிறகு என்னைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, நேராக வீட்டுக்கு வந்து படுக்க வேண்டும்.

"பன்னெண்டு மணிக்கு எந்திரிச்சுப் போயி கூட்டியாந்தா போதும். தூங்காம ஓட்டுறதா இருந்தா அந்த ஸ்கூலே வேணாம். பக்கத்துல படிக்கட்டும்" என்றார் அம்மா. அவரும் பகலில் தொழிற்சாலை வேலைக்குப் போகிறவர். ஆறு மணிக்கெல்லாம் கம்பெனி பஸ் வந்துவிடும். திரும்பி வர சாயங்காலம் ஆகும். நிபந்தனை வைக்கத்தான் முடியும், பக்கத்தில் நின்று பார்க்க முடியாது.

அடுத்த தடை பெரியப்பா. சிம்பாங் அம்பாட்டில் இருந்தார், முப்பது வருடம் லோரி ஓட்டி ஓய்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேநீர் குடிக்கவும் குறை சொல்லவும் வருவார். போக ஒரு தடவை, வர ஒரு தடவை, மத்தியானம் மறுபடி போக, மறுபடி வர, ஒரு நாளைக்கு நாலு ஓட்டம். பெட்ரோல் எண்ணெய்க்கே சம்பளம் போய்விடும் என்பது அவர் கட்சி. கடைக்காரன் லிட்டருக்கு இருபது ஓடும் என்று சொன்னதாக அப்பா மெல்லச் சொன்னார்.

"விக்கிறவன் வாயில எல்லாக் காடியும் தண்ணியிலயே ஓடும் தம்பி. மூணு மாசம் தாங்குதா பாரு."

கடைசியில் ஜூன் விடுமுறை வரை பார்ப்பது, எண்ணெய்ச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றால் என்னைப் பக்கத்துப் பள்ளிக்கு மாற்றிவிடுவது என்று ஏற்பாடாயிற்று. என் படிப்பு அந்தக் காரின் வயிற்றில் இருந்தது.

கார் வந்தது. இளநீர் வழுக்கையைப் போல, வெள்ளை என்று நினைத்தால் பச்சை, பச்சை என்று நினைத்தால் வெள்ளை. கதவைச் சாத்தினால் டிபன் பாக்ஸை மூடுகிற சத்தம்தான் வரும். ஆனால் மூடியபின் வெளி உலகம் ஒரு அடி தள்ளிப் போய்விட்டது போல உள்ளே ஓர் அமைதி. ஒரு புது வாசனை. அதற்குப் பெயர் தேடி இன்றைக்கும் கிடைக்கவில்லை. இருக்கைகளின் மேல் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் உறையை எடுக்க அப்பா விடவில்லை. எடுத்தால் பழசாகிவிடுமாம். கோயிலில் எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றி எடுத்தோம். பெரியப்பா முன் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் முன்னால் இடித்தது.

"இது காடியா, சவுக்கார டப்பாவா?" என்றார். ஆனாலும் இறங்கும்போது கதவை மிக மெதுவாகச் சாத்தியதை நான் கவனித்தேன்.

அந்தக் காலைகளை இப்போது நினைத்தால் நடந்ததா, கனவா என்று சந்தேகமாக இருக்கிறது. இன்னும் சரியாக வெளுக்காத வானம். கையசைப்பவரின் கையைப் பார்த்து அப்பா காரை ஃபெர்ரிக்குள் ஏற்றி நிறுத்துவார். சாவியைத் திருப்பி இன்ஜினை அணைப்பார். ஓடாத கார் நகரத் தொடங்கும். கண்ணாடிக்கு வெளியே தண்ணீர் போகும், நங்கூரமிட்ட கப்பல்கள் போகும், எதிர்க்கரையின் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே நெருங்கி வரும். காரே நீந்துகிறது என்று நினைத்துக்கொள்வேன். அப்பாவின் சட்டையில் ரொட்டி வாசனை. அந்தப் புதுக் கார் வாசனையோடு கலந்து அது தனியாக ஒரு வாசனையாக இருந்தது. எனக்கு ஒரு சூடான பன்னைக் கையில் கொடுத்துவிட்டு, தலையைச் சாய்த்து அவர் கண்மூடுவார். அக்கரை வந்ததும் நான் தோளைத் தொட வேண்டும். அது என் வேலை.

ஒருநாள் கேட்டேன், இந்தக் கடல் தூரமும் நம் கார் ஓடின கணக்கில் சேருமா என்று. கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"அது கப்பல் ஓடுன தூரம் பாப்பா. நம்ம சும்மா ஒக்காந்துகிட்டு வர்றோம். அடுத்தவன் ஓட்டத்த நம்ம கணக்குல சேக்கக் கூடாது."

மத்தியானம் பள்ளி விடும்போது, வாசலுக்கு எதிரே இருந்த பெரிய மரத்தடியில் எங்கள் கார்தான் முதலாவதாக நிற்கும். ஒருநாள்கூட நான் காத்திருந்ததில்லை. மற்ற பிள்ளைகளின் பெரிய பெரிய கார்கள் எல்லாம் பின்னால் வரிசையில் வரும். பூக்காலத்தில் அந்த மரம் மஞ்சள் பூவாகக் கொட்டும். எங்கள் காரின் கூரை, முன்கண்ணாடி எல்லாம் கல்யாணக் கார் மாதிரி பூவாக இருக்கும். மற்ற கார்களின் மேல் ஒரு பூ இருக்காது. வழியெல்லாம் மரங்கள் எங்கள் காருக்கு மட்டும் பூத்தூவி அனுப்புகின்றன என்று நான் முடிவு செய்திருந்தேன். அப்பாவின் ஒரு பக்கக் கன்னத்தில் கோடு கோடாகத் தடம் இருக்கும். வீட்டுப் பாயில் படுத்தால் எனக்கும் தடம் விழுமே.

ஏப்ரலில் கணக்கு டீச்சர் ஒரு பயிற்சி கொடுத்தார். உங்கள் வீட்டுக் கார் ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று கண்டுபிடித்து வாருங்கள். வகுப்பில் மற்றவர்களுக்கு அது ஒரு பயிற்சி. எனக்கு அது ஜூன் மாதம்.

திங்கட்கிழமை காலை, ஃபெர்ரிக்குப் போகும் வழியில் டாங்கி முட்ட எண்ணெய் ஊற்றினோம். பள்ளி வரைக்கும் தூரம் பார்க்க அப்பா மீட்டரின் குமிழைத் திருகிப் பூஜ்யமாக்கினார். கடலை விட்டுவிட்டு, தரையில் மட்டும் ஏழு கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது அதே இடத்தில் மறுபடி முட்ட ஊற்றினோம். நாலே லிட்டர்தான் பிடித்தது.

வார முடிவில் அந்த மீட்டரையே இன்னொரு தடவை எட்டிப் பார்த்திருக்கலாம். ஆனால் மீட்டரைப் பார்த்து எழுதுவது யாருக்கும் வரும். பெருக்கி வகுத்துக் காட்டுவதுதான் படித்தவள் செய்கிற வேலை என்று எனக்கு எண்ணம். ஏழு கிலோமீட்டர், ஒரு நாளைக்கு நாலு ஓட்டம், ஐந்து நாள். நூற்று நாற்பது. நாலால் வகுத்தால் முப்பத்தைந்து. கடலைக்கூடச் சேர்க்கவில்லை. அந்த நேர்மையை நினைத்து எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை, பெரியப்பா தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தபோது நோட்டைத் திறந்து உரக்க வாசித்தேன். அம்மா ஈரக் கையோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றார்.

"முப்பத்தஞ்சா?" பெரியப்பா சிரித்துவிட்டார். "ஏன், காடிய எறங்கித் தள்ளிக்கிட்டா போறீங்க? எப்படிப் போட்ட கணக்கு, சொல்லு."

சொன்னேன். கடலைக் கழித்ததை மறக்காமல் சொன்னேன். ஒரு நாளைக்கு நாலு ஓட்டம் என்றபோது பெரியப்பாவின் சிரிப்பு நின்றது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், தம்பியைப் பார்த்தார். அப்பா தேநீர்க் குவளைக்குள் எதையோ தேடுவது போலக் குனிந்திருந்தார். பெரியப்பா அவரை, கன்னத்தை, சிவந்த கண்ணை, வெகுநேரம் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னை.

"நல்ல காடிலா" என்றார். "நான்தான் தெரியாம பேசிட்டேன்."

பெரியப்பா தான் தெரியாமல் பேசியதாக ஒப்புக்கொண்டதை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை. அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே, அப்படியானால் ஜூன் வரைக்கும் பார்ப்பானேன், அவள் அங்கேயே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஒரு வகுத்தல் கணக்கால் என் பள்ளியை நானே காப்பாற்றிக்கொண்டேன் என்று அன்றைக்கு நான் நம்பினேன். ரொம்ப காலம் நம்பினேன்.

டீச்சர்தான் நம்பவில்லை. பத்துக்கு ஆறு போட்டு, மறுபடி சரிபார் என்று சிவப்பில் எழுதியிருந்தார். அன்று திரும்பி வரும்போது, ஃபெர்ரியில் இன்ஜின் அணைந்ததும் அப்பாவிடம் நோட்டைக் காட்டினேன். அவர் விரல் எண்களின் மேல் மெதுவாக ஊர்ந்தது. ஏழைத் தாண்டி நாலில் வந்து நின்றது. நின்றபடியே இருந்தது. வெளியே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"எங்கப்பா தப்பு? சொல்லுங்க" என்றேன்.

"தப்பு ஒண்ணும் இல்ல. டீச்சர்கிட்ட சொல்லு, எங்கப்பா காடிய ரொம்ப மெதுவா ஓட்டுவாருன்னு."

மறுநாள் எழுந்து நின்று அதை மலாயில் அப்படியே சொன்னேன். வகுப்பு சிரித்தது. ஆறு ஆறாகவே இருந்தது. எனக்குக் கவலையில்லை, எங்கள் காரைப் பற்றி டீச்சருக்கு என்ன தெரியும்?

அடுத்த ஞாயிறு பெரியப்பா ஒரு பழைய மூட்டையோடு வந்தார். லோரியில் அவர் முதுகுக்குப் போட்டிருந்த மரமணிப் பாய். மணிகள் தேய்ந்து பழுப்பேறியிருந்தன. ஓட்டுநர் இருக்கையில் அதை அவரே விரித்துக் கட்டினார். அதற்காக அங்கே மட்டும் பிளாஸ்டிக் உறையைக் கிழித்து எடுத்தார்; அப்பாவே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "ஒக்காந்தே கெடக்குற ஆளுக்கு இதுதாண்டா வேணும்" என்று குனிந்தபடி அவர் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. புதுக் காரின் அழகைக் கெடுத்துவிட்டாரே என்று எனக்குக் கோபமான கோபம். இரண்டு நாள் அந்தப் பாயைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முப்பத்தைந்தில் பாதி பதினேழரை. என் புதுக் காரின் குட்டித் திரை அதைச் சொல்ல இத்தனை வருடம் ஆயிற்று. இரண்டால் பெருக்க வேண்டிய இடத்தில் நான் நாலால் பெருக்கியிருந்தேன். காலையில் என்னை இறக்கிவிட்ட கார் எங்கேயும் போகவில்லை. ஐந்து வருடமும் போகவில்லை.

அந்தப் பள்ளித் தெருவே ஒருநாள் எனக்கு அதைச் சொல்லப் பார்த்தது. அந்த வருடம் ஒரு காலை, முதல் பாடத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. மத்தியானம் வெளியே வந்தபோது விட்டிருந்தது. தெரு முழுக்கக் கறுத்து மின்னியது. மரத்தடியில் எங்கள் கார், ஈரப் பூக்களோடு. நான் ஏறினேன், அப்பா மெதுவாக எடுத்தார். வழக்கம்போல முழங்காலில் எழுந்து பின்கண்ணாடி வழியாகப் பள்ளியைப் பார்த்தேன். நாங்கள் நின்ற இடத்தில், ஈரத் தெருவின் நடுவே, காரின் அளவுக்கு ஒரு கட்டம் மட்டும் வெளுத்துக் காய்ந்துகிடந்தது.

நம் காரின் நிழல் அங்கேயே தங்கிவிட்டது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். திருப்பத்தில் மறையும் வரைக்கும் நான் அந்த நிழலுக்குக் கையசைத்துக்கொண்டே வந்தேன்.