மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய கம்ப்யூட்டர்

எங்கள் அப்பா எதையும் லேசில் நம்பமாட்டார். அதற்காகத்தான் அவருக்குச் சம்பளமே கொடுத்தார்கள். சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. வருகிற ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நல்லதென்றால் பச்சை ஸ்டிக்கர், கெட்டதென்றால் சிவப்பு. இரண்டிலும் சேராமல் சந்தேகமாக இருந்தால் மஞ்சள். மஞ்சள் ஒட்டியதை 'ஹோல்டு' என்று சொல்லித் தனியாக வைத்துவிடுவார்கள். அப்பாவாகப் பார்த்துப் பச்சை ஒட்டும் வரை அது அங்கிருந்து நகராது.

இந்த ஸ்டிக்கர் சுருள்கள் அவருடைய சாப்பாட்டுப் பையிலேயே கிடக்கும். அதனால் எங்கள் மூலக்குளம் வீட்டிலும் வேலை ஓயாது. புதுக் குக்கர் வந்தால் மஞ்சள். விசில் ஒழுங்காக அடிக்கிறதா என்று பல நாள் பார்த்த பிறகுதான் பச்சை. ஒருமுறை என் ராங்க் கார்டிலேயே மஞ்சளை ஒட்டிவிட்டார். கணக்கில் எனக்கு அவ்வளவு மார்க் வர வாய்ப்பில்லையாம். பள்ளிக்கூடத்தில் அதைச் சுரண்டி எடுப்பதற்குள் என் மானம் போய்விட்டது.

நான் ஐந்தாவது படித்த வருடம், கல்லூரிக் கடைசி வருடத்தில் இருந்த அக்கா விமானப்படையில் பைலட் ஆகப்போவதாகச் சொன்னாள். எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். அடுத்து மைசூருக்குப் போகவேண்டும். அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, கைக்கு ஒரு ஸ்டிக்கும் காலுக்குப் பெடலும் கொடுத்து, விமானம் ஓட்டும் லாவகம் இருக்கிறதா என்று பார்ப்பார்களாம். அந்தச் சோதனையை வாழ்நாளில் ஒரே தடவைதான் எடுக்கலாம். அதில் தவறினால் அதோடு முடிந்தது, பைலட் ஆகவே முடியாது. ஆகவே வீட்டில் விமானம் ஓட்டிப் பழக ஒரு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும் என்றாள்.

"பிளேன் ஓட்ட பிளேன்தான வேணும், கம்ப்யூட்டர் எதுக்கு?" என்றார் அப்பா.

ஆனாலும் எங்களை நேரு வீதிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ராணுவ பைலட் வேலைக்குப் பழக என்று அக்கா விளக்கியதும் கடைக்காரர் உள்ளே திரும்பி, "தம்பி, அந்த கேம் ஆடற கம்ப்யூட்டர எடு" என்று குரல் கொடுத்தார். அவ்வளவுதான். அப்பாவின் புருவம் மேலே போனது. பெட்டியைத் தட்டிப் பார்த்தார். பின்பக்கத்தை மோந்து பார்த்தார். உள்ளே மின்விசிறி ஏன் இவ்வளவு சத்தம் போடுகிறது என்று கேட்டார். வெளியே வந்து வெயிலில் நின்றுகொண்டு, "நாட்ட காப்பாத்த போறவளுக்கு கேம் எதுக்குடி?" என்றார். அடுத்த கடையில் திரை சரியில்லை, அதற்கடுத்த கடையில் கடைக்காரரின் முழியே சரியில்லை.

எங்கள் தெருவில் ஒரு சொல்தா குடும்பம் இருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அந்த வீட்டு அம்மா, பாரிசில் இருக்கும் மகன் விட்டுப்போன கம்ப்யூட்டரை அக்காவுக்குச் சும்மாவே தருவதாகச் சொன்னார். சும்மா என்ற சொல் அப்பாவுக்கு ஆகாது. போய்ப் பார்த்தார். விசைப்பலகையில் ஏ இருக்கவேண்டிய இடத்தில் க்யூ இருந்தது. இன்னும் சில எழுத்துகளும் இடம் மாறிக் கிடந்தன. அப்பாவின் முகத்தில் வந்த திருப்தியை இப்போதும் மறக்கமுடியவில்லை. "பொருத்தும்போதே தப்பு நடந்திருக்கு, இது ரிஜெக்ட் ஆன பீசு" என்று சொல்லி, எங்களுக்குச் சொந்தமே இல்லாத அந்தப் பெட்டியில் சிவப்பை ஒட்டினார்.

"பிரான்சுல எல்லாமே அப்படித்தான் இருக்கும் தம்பி" என்றார் அந்த அம்மா.

"அப்ப அங்க யாரும் செக் பண்றதில்லனு சொல்லுங்க" என்றார் அப்பா. அந்த அம்மா அந்தத் தீபாவளிக்கு எங்களுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பவில்லை.

நாட்கள் ஓடிக்கொண்டிருந்தன. அக்கா சாப்பாட்டுத் தட்டில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கடைசியில் அம்மாதான் பேசினாள். "ஃபேக்டரில பொருள் வந்தப்பறந்தான ஸ்டிக்கர் ஒட்டறீங்க? வாங்காமலே எல்லாத்துக்கும் செவப்பு ஒட்டினா எப்படி? சந்தேகமா இருந்தா மஞ்சள ஒட்டிக்கங்க." தொழில் முறைப்படி பேசினால் அப்பாவால் மறுக்க முடியாது. முதல் கடையிலேயே, முதலில் பார்த்த அதே பெட்டியை, ஓட்டிப் பழக ஒரு ஸ்டிக்கோடு வாங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டியின் நெற்றியில் மஞ்சள் ஏறியது. "ஓட்டிப் பாரு. ஆனா ஹோல்டுதான். இது பச்சை ஆவட்டும், அப்பறம் மைசூர பத்தி பேசலாம்" என்றார். அக்காவின் முகம் சின்னதாகிவிட்டது. எனக்கு அப்பா மேல் ஆத்திரமாக வந்தது.

ஆனால் அவர் எனக்கும் ஒரு பதவி கொடுத்துவிட்டார். அக்கா உண்மையிலேயே பழகுகிறாளா, இல்லை ஏதாவது ஆட்டம் ஆடுகிறாளா என்று பார்த்துச் சொல்லவேண்டும். நான் ஒழுங்காகவே பார்த்துச் சொன்னேன். அக்கா லாஸ்பேட்டை விமான நிலையத்தில் இருந்து கிளம்புவாள். திரையில் நம் ஊர் வெறும் பச்சையும் நீலமுமாக இருக்கும், எங்கள் வீட்டைத் தேடினால் கிடைக்காது. கடல் பக்கம் போய்த் திரும்பி இறங்குவாள். ஆரம்பத்தில் விமானம் தலைகுப்புறக் கடலில் விழும். அது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

"இன்னிக்கும் அக்கா வுழுந்துட்டாப்பா" என்று சந்தோஷமாகச் சொல்வேன்.

அப்பா சிரிக்கமாட்டார். "எங்க வுழுந்தா? எறங்கும்போதா?" என்று மட்டும் கேட்பார். பெட்டியில் எந்தப் பாகம் கோளாறு என்று கண்டுபிடிக்கத்தான் கேட்கிறார் என்று நானும் இன்னும் விவரமாகச் சொல்வேன்.

கொஞ்ச நாளில் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. நாங்கள் இல்லாத நேரத்தில் யாரோ அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறார்கள். அக்கா உள்ளே தள்ளிவிட்டுப் போன நாற்காலி வெளியே இருக்கும். ஸ்டிக்கில் விபூதி ஒட்டியிருக்கும். எங்கள் வீட்டில் விபூதி பூசுகிற ஆள் ஒருவர்தான்.

ஒரு நாள் மழை பெரிதாகப் பிடித்துக்கொள்ள, பள்ளிக்கூடத்தைப் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தால், மதிய ஷிஃப்டுக்குக் கிளம்பிய கோலத்தில், காக்கி யூனிஃபார்மும் மடியில் சாப்பாட்டுப் பையுமாக அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ஸ்டிக்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். திரையில் விமானம் ஏற்கெனவே வானத்தில் இருந்தது. இறங்குவதற்குப் பழக என்று அக்கா பதிந்து வைத்த இடம் அது. விமானம் ஆடி ஆடி வந்து ஓடுபாதைக்கு முன்னாலேயே தரையில் மோதியது. அப்பா கர்ச்சீப்பால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி அங்கிருந்தே தொடங்கினார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டாள். "பேசாம இரு. தெனம் இதான் நடக்குது. எறக்கித்தான் பாக்கறாரு, ஒரு நாள்கூட ஏத்தல."

சமையலறை வாசலில் இருந்து எட்டிப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. விமானத்தைக் கிளப்பக்கூடத் தெரியாத ஆள், அக்காவைச் சோதிக்க வந்துவிட்டாரே என்று நினைத்தேன்.

அப்போதுதான் அது நடந்தது. விமானம் நேராக வந்தது. சக்கரம் தரையில் பட்டது, ஒருமுறை துள்ளியது, மறுபடி பட்டு ஓடியது, ஓடுபாதை முடியும் முன்பு நின்றது. அப்பா கையை எடுக்கவே இல்லை. வெளியே கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. பிறகுதான் எழுந்தார். பெட்டியின் நெற்றியில் இருந்த மஞ்சளை நகத்தால் பொறுமையாக உரித்தார். பையில் இருந்து பச்சையை எடுத்து ஒட்டி, கட்டைவிரலால் வெகுநேரம் அழுத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். மழையில் இறங்கிப் போய்விட்டார்.

அக்கா மைசூர் போனாள், தேறினாள். இப்போது வடக்கே எங்கேயோ ஹெலிகாப்டர் ஓட்டுகிறாள். எந்த ஊர் என்று கேட்டால் என்னையே உளவாளி போலப் பார்க்கிறாள். அது இருக்கட்டும். அன்று சாயங்காலம் அவள் கல்லூரியில் இருந்து வந்ததும் ஓடிப்போய்ச் சொன்னது நான்தான்.

"அக்கா, கம்ப்யூட்டர்ல ஒரு கோளாறும் இல்லயாம். பச்சை ஒட்டிட்டாரு. எறக்கி எறக்கிப் பாத்தாரு."

அக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் போய் உட்கார்ந்தாள். அந்தப் பச்சையைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். ஒரு கம்ப்யூட்டர் பாஸானதற்கு யாராவது இப்படி அழுவார்களா என்று, எனக்கு அக்கா மேல்தான் சந்தேகம் வந்தது.