ஆறு நிமிடம் இருபது விநாடி

பதினான்கு வருடம் சாலைப் பந்தயங்களில் சம்பளத்துக்குச் சைக்கிள் மிதித்தவருக்குச் சக வீரர்கள் வைத்த பெயர் நாற்பத்தொன்று. பந்தயங்களில் அவர் பிடித்த மிக உயர்ந்த இடம் அதுதான். முப்பத்து மூன்று வயதில் அணி அவரை உள்ளரங்க வட்டப் பாதைக்கு மாற்றியது. முதல் போட்டியில் தோற்றால் வேலை போய்விடும் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அந்த முதல் போட்டியன்றுதான் அவருடைய அம்மா முதன்முறையாகப் பந்தயம் பார்க்க வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார்.

இருவர் மோதும் போட்டி. முன்னால் போகிறவர் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும்; பின்னால் வருகிறவர் அவர் முதுகில் ஒளிந்து வந்து கடைசியில் முந்திவிடலாம். அதனால் இருவருமே முன்னால் போக மறுத்து, காலை ஊன்றாமல், சைக்கிள் மேலேயே அசையாமல் நின்றார்கள். ஆறு நிமிடம் இருபது விநாடி ஆயிற்று. நாற்பத்தொன்றின் தொடை வெடவெடத்தது. இன்னும் பத்து விநாடி தாங்காது.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டா, சைக்கிள் ஓட்டுற வேலைன்னுதானே சொன்னே? கம்பம் மாதிரி நிக்கிறியே! கிளம்புடா!"

எதிராளி வீட்டிலும் அப்படியொரு அம்மா இருந்திருக்க வேண்டும். அந்தச் சத்தத்துக்கு எதிராளிதான் அலறியடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நாற்பத்தொன்று பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போய், அரைச் சக்கர வித்தியாசத்தில் ஜெயித்தார். வேலை தப்பியது.

அம்மா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "அந்தப் புள்ளையப் பாரு, ஒரே சத்தத்துல கிளம்பிட்டான்."

"அவன் தோத்துட்டான்மா!"

"தோத்தா என்னடா? சொன்ன பேச்சு கேட்டானா இல்லையா?"